மான் திரும்பும்வரை

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்குப்பெட்டக லாரிகள் இரவும் பகலும் விரைகின்றன. அம்மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். 5,027 விருத்தங்கள் கொண்ட அவருடைய சீறாப்புராணத்தை இன்று கதைச்சுருக்கமாகவே பலரும் அறிவர். நாட்டுப்படல வருணனை நீளந்தான், யாம் மறுக்கவில்லை. ஆனால், மானுக்குப் பிணைநின்ற படலத்தைச் சுருக்கலாமோ? நாயகம் (ஸல்) அவர்கள் பிணைநின்றார்கள், மான் மீண்டது, வேடன் ஈமான் கொண்டான் என்று மூன்றே தொடரில் முடிந்துவிடும். புலவர் அவ்வாறு விரையவில்லை. மானைக் கன்றுக்குப் பாலூட்டவிடுகிறார். போகாதே என்று இனம் தடுப்பதையும் கேட்கவைக்கிறார். அவ்வளவு நேரமும் பெருமானார் அங்கே காத்திருக்கிறார்கள். படலத்தின் உயிரே அக்காத்திருப்புத்தான். 1961-உடன் நின்றுபோன முத்துக்குளிப்பில், மூழ்கியவன் எழும்வரை தோணியில் கயிறு பற்றி நின்றவனுக்கு அதன் கனம் விளங்கும். ஓரிரவேனும் இல்லத்தில் ஒருவர் இப்படலத்தை வாய்விட்டு ஓத, மற்றவர் கேட்கட்டும்.