உடன்போக்கில் மலைவழி: அழகும் காப்பும்

முன்னுரை

களவொழுக்கம் வெளிப்பட்டு, வரைவுக்குத் தடை நேர்ந்தபோது தலைவி பெற்றோர் அறியாமல் தலைவனுடன் அவன் ஊர் நோக்கிச் செல்லுதல் உடன்போக்கு. இதனைத் தொல்காப்பியம் கொண்டுதலைக்கழிதல் எனச் சுட்டும். இத்துறைப் பாடல்கள் பெரும்பாலும் பாலைத்திணையில் அடங்கும். ஆதலின் அவற்றில் வரும் நிலம் வெம்மையும் அச்சமும் மிக்கது என்றே வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அப்பாடல்களில் நிழலும் மணலும் மழையும் வேங்கையும் மயிலாடும் குன்றமும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. பாலைக்குள் வரும் இம்மலையழகைத் திணைமயக்கம் எனக் கூறி அமைவது வழக்கம். அவ்விளக்கம் இலக்கண அமைதி காட்டுமேயன்றி, அவ்வழகு யாருடைய கூற்றில், எதன்பொருட்டு வருகிறது என்பதை விளக்காது. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியவற்றின் சில பாடல்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

பாலைக்கு நிலம்

தொல்காப்பியம் காடு, மலை, வயல், கடல் என்னும் நான்கு நிலங்களுக்குத் தெய்வம் வகுத்தபோது பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகளாயின. பிரிதல் அதன் உரிப்பொருளாயிற்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற விளக்கத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை தருகிறது. இவ்விளக்கத்தின் வழி நோக்கினால் பாலை என்பது ஓர் இடமன்று. இடத்திற்கு நேர்ந்த ஒரு நிலை. மழை பெய்யின் அதே இடம் மீண்டும் குறிஞ்சியாகும்.

உடன்போக்கின் உரிப்பொருளிலும் இத்தகைய இருமை உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் அது கூட்டம், தாய்க்கோ பிரிவு. ஒரே செயல் இருவர்க்கு இரு திணையாக நிற்கிறது. இத்துறை பாலையில் வைக்கப்பட்டமைக்கு வழியின் வெம்மை மட்டும் காரணமன்று. வீட்டில் எஞ்சியவரின் பிரிவும் காரணம் எனலாம். எனவே மலைவழியின் தன்மையை அறிய, பேசுவோர் யார் என்பதை முதலில் நோக்க வேண்டும்.

தலைவன் தெரிந்தெடுத்த இடம்

நற்றிணை 9ஆம் பாடல் பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. உடன்போகும் தலைவன் தலைவியிடம் கூறும் கூற்றாக அமைந்தது. நிழல் கண்ட இடத்தில் நெடுநேரம் தங்கலாம். மணல் கண்ட இடத்தில் சிற்றில் இழைத்து விளையாடலாம். வருந்தாமல் நடக்கலாம் என அவன் கூறுகிறான். மாவின் அரும்பைக் கோதிக் குயில் கூவும் சோலைகளையும், வழியெங்கும் உள்ள பல சிற்றூர்களையும் சுட்டுகிறான். இறுதியில் சிற்றூர்கள் கூறப்படுவது நோக்கத்தக்கது. அழகு மட்டுமே கருத்தாயின் சோலையோடு பேச்சு முடிந்திருக்கும். ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன என்பது நீரும் உணவும் தங்கலும் கிடைக்கும் என்னும் உறுதிமொழி.

நற்றிணை 362ஆம் பாடல் இக்கருத்தை இன்னும் தெளிவாக்குகிறது. தந்தையின் மனையைக் கடந்து வந்த தலைவியைத் தலைவன் ஓரிடத்தில் நிறுத்துகிறான். முதல் மழை பெய்த காடு அது. சிவந்த தம்பலப் பூச்சிகள் நிலமெங்கும் பரந்துள்ளன. அவற்றைக் கண்டும் பிடித்தும் சிறிது விளையாடுமாறு கூறுகிறான். இளங்களிறு உரசிய பருத்த அடியையுடைய வேங்கையின் பின்புறம், மணல் குவிந்த பக்கத்தில், தான் ஒதுங்கி நிற்பதாகச் சொல்கிறான். பகைவர் வந்தால் அஞ்சாது பொருது துரத்துவதாகவும், அவள் சுற்றத்தார் வந்தால் மறைந்துகொள்வதாகவும் உரைக்கிறான்.

இவ்விடத் தேர்வு நுட்பமானது. தலைவியின் கண்ணுக்கு அது விளையாட்டிடம். தலைவனின் கண்ணுக்கு அரண். வேங்கை குறிஞ்சியின் கருப்பொருள். களவுக் காலத்தில் இருவரும் கூடிய நிலத்தை நினைவூட்டும் மரம். இங்கு அதன் பருமனே பயன்படுகிறது. ஓர் ஆளை மறைக்கும் அளவு அது பருத்திருக்கிறது. மேலும் பகைவரோடு பொருவேன் என்பவன் சுற்றத்தாரோடு பொருவேன் எனக் கூறவில்லை. அவளுடைய தந்தையும் உடன்பிறந்தாரும் குருதி சிந்தினால் அவள் உள்ளம் தாங்காது. அவர்களையும் காக்கும் இடமாகவே வேங்கையின் மறைவு அமைகிறது.

தாய் வேண்டிய இடம்

குறுந்தொகை 378ஆம் பாடல் கயமனார் பாடியது. மகள் காளையொடு சென்றபின் தாய் வேண்டுவதாக அமைந்தது. ஞாயிறு சுடாதிருக்கட்டும்; மலையடிவாரத்துச் சிறுவழியில் மரநிழல் படியட்டும்; மணல் மிகப் பரவட்டும்; குளிர்ந்த மழை பொழியட்டும் என்பது அவள் வேண்டுதல்.

பெருங்கடுங்கோவின் தலைவன் சுட்டிய நிழலும் மணலுமே கயமனாரின் தாய் வேண்டும் நிழலும் மணலும் என்பது கருதத்தக்கது. ஒருவர் பாடலை மற்றவர் தழுவினார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. நடந்து பழகாத மகளின் அடிகளே இருவர்க்கும் அளவுகோல் ஆதலின் இரு பாடல்களும் ஒரே பொருள்களில் வந்து நிற்கின்றன. தலைவன் இருப்பதாகக் காட்டுகிறான். தாய் இருக்குமாறு வேண்டுகிறாள். தலைவன் கூற்றைத் தலைவியை ஆற்றுவிக்கும் மொழி என மட்டும் கொள்வோர் தாயின் வேண்டுதலோடு அதனை ஒப்பிட்டு நோக்கின், அதில் பொறுப்பும் கலந்திருத்தலை உணர்வர்.

ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' இவ்வேண்டுதலோடு தொடங்குகிறது. மயில்கள் ஆடும் உயர்ந்த குன்றம் மழை பெற்று, மகள் சென்ற சுரம் மிக இனியதாகட்டும் என்கிறாள் தாய் (371). மகள் தான் தேர்ந்த வழியே அறவழி எனத் தெளிந்து சென்றாள் என்பதையும் அவளே கூறுகிறாள். பிரிவால் வருந்துபவளின் வாயிலிருந்தே மகளின் அறத்தெளிவுக்குச் சான்று வருகிறது. மகள் திரும்பி வர வேண்டும் என்று அவள் இப்பாடலில் கேட்கவில்லை. வழி இனிதாதலையே கேட்கிறாள்.

பாலைக்கு மேற்கூறிய விளக்கத்தோடு பொருத்தினால் இவ்வேண்டுதல்களின் ஆழம் புலனாகும். மழையும் நிழலும் வேண்டுதல், திரிந்த நிலம் மீண்டும் குறிஞ்சியாக வேண்டுதலேயாம். தன் பிரிவால் பாலையில் நிற்பவள், மகள் கூட்டத்திற்குரிய நிலத்தில் நடக்க விரும்புகிறாள். இதனைத் திணைமயக்கம் என்னும் ஒரு சொல்லில் அடக்கின் தாயின் உள்ளம் மறைந்துவிடும்.

தோழியும் கண்டோரும்

தோழியின் நோக்கு வேறு. ஔவையார் பாடிய குறுந்தொகை 388இல் அவள் நிலத்தின் கொடுமையை மறைக்கவில்லை. உலர்ந்த கிளையைப் பிளக்கவும் வலியற்று யானை துதிக்கையை மடித்து வருந்தும் கானத்தையே காட்டுகிறாள். நீர்க்காலில் வேர்கொண்ட குவளை கோடைக்காற்று வீசினும் வாடாதது போல, தலைவனுடன் வந்தால் அக்கானமும் தலைவிக்கு இனிதாகும் என்கிறாள். இங்கு நிலம் மாறவில்லை, துணையே நீராகிறது. புகழ்ச்சி போலத் தோன்றினும் இது தலைவன் மீது சுமத்தப்பட்ட கடமை. நீர் வற்றின் குவளை வாடும் என்பது சொல்லாமல் பெறப்படும்.

கண்டோர் கூற்றான குறுந்தொகை 7இல் நிலம் எவ்வகையிலும் இனிதாக்கப்படவில்லை. காற்றில் வாகை நெற்றுகள் கயிறாடும் கூத்தரின் பறைபோல் ஒலிக்கின்றன. மூங்கில் செறிந்த காட்டில் இருவர் செல்கின்றனர். அவன் காலில் கழல். அவள் அடியில் சிலம்பு. சிலம்பு கழியாமை மணம் நிகழாமையைக் காட்டும். கண்டோர் இரங்குகின்றனர்; அவர்களை நல்லோர் என மதிக்கவும் செய்கின்றனர். ஆயினும் அவ்விருவர்க்கும் வழியை இனிதாக்கும் உரிமையோ பொறுப்போ அவர்களுக்கு இல்லை. உறவுடையோர் கூற்றில் தோன்றிய நிழலும் மழையும் அயலார் கூற்றில் தோன்றாமை, மேற்கூறிய கருத்துக்கு அரண் செய்கிறது.

கலித்தொகை 9 இவ்வாய்வுக்கு ஓர் எல்லை காட்டுகிறது. மகளைத் தேடிவரும் செவிலிக்கு அந்தணர் கூறும் மறுமொழியில், மலையில் பிறந்த சந்தனம் பூசுவோர்க்கன்றி மலைக்குப் பயன்படாது என்னும் உவமை வருகிறது. இங்கு மலை, மகள் சேரும் இடமன்று. அவள் நீங்கிய பிறந்தகம். எனவே மலை எங்கும் கூட்டத்தின் குறியீடு எனப் பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. அதன் பொருளைக் கூற்றும் சூழலுமே முடிவு செய்கின்றன.

முடிவுரை

உடன்போக்குப் பாடல்களில் மலைவழியின் அழகு வெறும் பின்புலக் காட்சியன்று. செல்பவளுக்கு உறவுடையோர் தேடும் காப்பு. தலைவன் அதனைத் தெரிந்தெடுக்கிறான், தாய் வேண்டுகிறாள், தோழி தலைவனிடமே அதனை எதிர்பார்க்கிறாள், அயலார் இரங்குவதோடு அமைகின்றனர். இவ்வேறுபாட்டைத் திணைமயக்கம் என்னும் பொதுப்பெயர் காட்டாது.

'கொண்டுதலைக்கழிதல்' என்னும் பெயர் தலைவன் செயலை முன்னிறுத்த, 'உடன்போக்கு' இருவர் செலவையும் சமன் செய்கிறது. பிற்கால வழக்கான 'ஓடிப்போதல்' அச்செலவைப் பழியாக்கியது. வயது வந்த இருவரின் மணத் தேர்வில் ஊர்க்கூட்டங்கள் தலையிடுதல் சட்டத்திற்கு மாறானது என 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூற வேண்டிய நிலை நேர்ந்தது. சுற்றத்தார் பின்தொடர்வர் என்னும் அச்சம் சங்கப் பாடல்களிலும் உண்டு. ஆயினும் அதே பாடல்களில் மகளின் வழிக்கு நிழல் கேட்ட தாயும் உண்டு. பாலையைக் கற்பிக்கும்போது அத்தாயின் குரலும் உரிய இடம் பெற வேண்டும். அகநானூற்றில் கயமனார் பாடிய உடன்போக்குப் பாடல்களை இந்நோக்கில் தொகுத்து ஆராயின் மேலும் பல உண்மைகள் வெளிப்படும்.