திணையும் திருப்பமும்: அறிவியல் குறுங்கதைகளின் தமிழாக்கத்தில் பொருள்மயக்கம்

1. முன்னுரை

அறிவியல் புனைகதையிலும் அதிகற்பனைக் கதையிலும் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் ஒரு வகை உண்டு. இறுதி வாக்கியத்தில், சில வேளைகளில் இறுதிச் சொல்லில், அதுவரை படித்தது முழுவதும் வேறு பொருள் கொள்ளுமாறு இவ்வகைக் கதை அமைக்கப்பட்டிருக்கும். அமெரிக்க இதழ்களில் 1940களிலும் 1950களிலும் இது செழித்தது. ஃபிரெட்ரிக் பிரவுன் (1906-1972) இவ்வகையில் கைதேர்ந்தவர். இக்கதைகள் பொழுதுபோக்கு எழுத்தாகவே மதிக்கப்படுவதால், இவற்றை மொழிபெயர்ப்பது எளிது என்று கருதத் தோன்றும். சொற்கள் எளியவை, வாக்கியங்கள் சிறியவை. ஆயினும் தமிழில் பெயர்க்க முற்படும்போது, விடையை முன்பே கூறிவிட்ட விடுகதைபோல் கதை சுவையிழந்து நிற்கக் காணலாம்.

இதன் காரணத்தை அறியத் திருப்பங்களை இரு வகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒரு வகை நிகழ்ச்சியிலும் உலகறிவிலும் நிற்பது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஸ்டார்' (1955) இதற்குச் சான்று. விண்மீன் ஒன்று வெடித்ததால் ஒரு நாகரிகமே அழிந்துபோனதை ஆராயும் இயேசு சபைத் துறவி, அதன் ஒளியே முன்பு பெத்லகேமின் வானில் தோன்றியது என உணர்கிறார். விவிலியச் செய்தியை அறிந்த வாசகருக்கு இவ்வதிர்ச்சி எம்மொழியிலும் குறைவதில்லை. மற்றொரு வகைத் திருப்பம், தருமொழியின் இலக்கணம் வெளிப்படையாகக் குறிக்காமல் விடும் இடத்தில் ஒளிந்திருப்பது. ஆங்கிலம் கூறாது விடக்கூடிய ஒன்றைத் தமிழ் வினைமுற்று கூறியே தீரவேண்டிய நிலை இங்கு எழுகிறது.

இவ்வகைக் கதைகளை மொழிபெயர்க்க இயலாதவை என ஒதுக்குவது எளிது. அம்முடிவு சரியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். தருமொழியின் மயக்கம் நின்ற இடத்திலேயே பெறுமொழியிலும் நிற்க வேண்டும் என்பதில்லை. தமிழ் இலக்கணம் தனக்கென மயக்க இடங்களைக் கொண்டுள்ளது. அவற்றை இலக்கண நூலாரும் வகுத்துக் காட்டியுள்ளனர். நான்கு கதைகளைக் கொண்டு இது விளக்கப்படுகிறது. கீழே தரப்படும் தமிழ் வடிவங்கள் ஆய்வுநோக்கில் இங்கு அமைத்துக்கொண்டவையாகும்.

2. அவனும் அதுவும்

பிரவுனின் 'சென்ட்ரி' (1954) ஒரு பக்க அளவில் முடியும் கதை. தன் ஊரிலிருந்து ஐம்பதாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் காவல் நிற்கிறான் ஒரு போர்வீரன். ஈரம், சேறு, பசி, குளிர். எதிரிப் படையைச் சேர்ந்த உயிர் ஒன்று ஊர்ந்து வருகிறது, அவன் சுடுகிறான். வீழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது அவனுக்கு அருவருப்பு மேலிடுகிறது. அவ்வுயிருக்கு இரண்டு கைகள், இரண்டு கால்கள், செதிலில்லாத வெளிறிய தோல் என்ற விவரத்துடன் கதை முடிகிறது. காவல்வீரன் மனிதனல்லன், மாண்டவனே மனிதன்.

ஆங்கிலப் பன்மைப் படர்க்கைப் பெயர் இரு திணைக்கும் பொது. அம்மொழியின் வினையும் திணை காட்டுவதில்லை. எனவே ஆசிரியர் எதையும் மறைக்க முயலாமலேயே மறைத்துவிடுகிறார். தமிழில் 'ஊர்ந்து வந்தான்' என்றால் வருபவன் மனிதன் என்பது அப்போதே வெளிப்படும். 'அந்நியன்', 'வேற்றுலகவாசி', 'வேற்றுக்கோளினர்' என்னும் பெயர்களும் உயர்திணை முடிபையே வேண்டுவன. 'ஊர்ந்து வந்தது' என்றால் திருப்பம் காக்கப்படும். ஆனால் மனிதனை அஃறிணையாற் கூறி வாசகரை ஏமாற்றியதாகாதா என்னும் வினா எழும்.

இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. திருப்பக் கதையின் அறம் மறுவாசிப்பில் உள்ளது. முடிவறிந்து மீளப் படிக்கும்போது ஒரு சொல்லும் பொய்யாக இருத்தல் கூடாது. 'அது' என்னும் சொல் இச்சோதனையில் தேறுமா?

தேறும் என்பதற்கு இலக்கண நூல்களே சான்று. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை நன்னூலார் வழுவமைதியாக ஏற்கிறார். காவல்வீரனின் நோக்கில் கூறப்படும் இக்கதையில் 'அது' என்பதை முதல் வாசிப்பில் இயல்பான அஃறிணையாகவும், மறுவாசிப்பில் இழிப்புப் பற்றிய திணைவழுவமைதியாகவும் கொள்ளலாம். சொல் மாறவில்லை, இலக்கண விளக்கம் மாறுகிறது. பகைவனை 'அது' என்று சுட்டுவது போர்க்காலப் பேச்சின் இயல்பு. இக்கதை சாடுவதும் அதனையே. எனவே ஆங்கிலத்தில் விவரத்தில் மட்டும் நின்ற திருப்பம் தமிழில் வினைவிகுதியிலும் இறங்குகிறது. இதனை இழப்பென்று கூறுவதற்கில்லை.

காவல்வீரனை 'அவன்' எனலும் இவ்வாறே பொருந்தும். உயர்திணையைத் தொல்காப்பியம் மக்கட்சுட்டு என்கிறது. நன்னூல் தேவரையும் நரகரையும் உடன் சேர்க்கிறது. மக்கட்சுட்டு என்பதற்கு மக்கள் என்று கருதப்படும் பொருள் எனக் கொண்டால், தன்னை மக்களுள் வைத்தெண்ணும் எவ்வுயிரும் தன் நோக்கில் உயர்திணையே.

இடைப்பட்ட வழியொன்றும் உண்டு. 'பகை' என்னும் சொல் பகைவரைக் குறிக்கும்போதும் 'பகை வந்தது' என அஃறிணை முடிபு கொள்ளும். இதனால் ஏமாற்று என்னும் குற்றச்சாட்டுக்கே இடமிராது. ஆனால் அச்சொல்லில் அருவருப்பு இல்லை. கதைக்கு அருவருப்பு இன்றியமையாதது. ஆகவே 'அது' என்பதே சிறந்த தேர்வாகும்.

3. நான்

ரிச்சர்ட் மேத்திசனின் 'பார்ன் ஆஃப் மேன் அண்ட் உமன்' (1950) நிலவறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒரு குழந்தையின் குறிப்பேடாக அமைந்தது. சிதைந்த மொழியில் அக்குழந்தை தன் பெற்றோரைப் பற்றிக் கூறுகிறது. அதன் உடலிலிருந்து பசிய நீர் வடிவதும், அதற்குப் பல கால்கள் இருப்பதும் மெல்ல மெல்லவே தெரியவருகின்றன.

தன்மை இடத்தின் திணை பற்றி இலக்கண நூலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் தன்மைப் பெயர்களை உயர்திணையுள் வைக்கிறார். நன்னூலார் இரு திணைப் பொதுப்பெயராக வகுக்கிறார். மேத்திசனின் கதை இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே இயங்குவது எனலாம். 'நான்' என்று தொடங்கும் குரலை வாசகர் தொல்காப்பிய நெறியில் மனிதக் குரலாகவே ஏற்கிறார். கதை அவரை நன்னூல் நெறிக்குக் கொண்டுசெல்கிறது. 'ஏன்' விகுதி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இங்குத் தமிழ் ஆங்கிலத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

சிக்கல், பெற்றோர் அக்குழந்தையை ஏசும் சொல்லில் உள்ளது. 'பாவி' என்பது மனிதருக்கே உரியது. அதைத் தாய் கூறினால் வாசகர் தவறான உறுதி கொள்வர். 'சனியன்' பொருத்தமானது. ஆண்பால் ஈறுபோல் தோன்றினும் வழக்கில் 'சனியன் தொலைந்தது' என அஃறிணை முடிபே பெறும். ஆண், பெண், விலங்கு, பொருள் எதனையும் அதனால் ஏசலாம். வசைச்சொல்லின் திணையை ஆராயாமல் இக்கதையில் கைவைத்தல் ஆகாது.

4. விருந்து

டேமன் நைட்டின் 'டு சர்வ் மேன்' (1950), 1962இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வாயிலாகப் பரவலாக அறியப்பட்டது. பன்றியை ஒத்த கானமிட் என்னும் வேற்றுக்கோளினர் புவிக்கு வந்து நன்மைகள் பல செய்கின்றனர். கதைசொல்லி ஐக்கிய நாடுகள் அவையின் மொழிபெயர்ப்பாளர். அவருடைய தோழர் கானமிட் மொழியைக் கற்று, அவர்களது நூல் ஒன்றின் தலைப்பை முதலில் பெயர்க்கிறார். மனிதனுக்குத் தொண்டு செய்தல் என்பது போன்ற நற்பொருள் அதில் தோன்றுகிறது. மக்கள் கானமிட்டுகளின் கோளுக்கு மகிழ்ச்சியுடன் பயணம் செல்கின்றனர். இறுதியில் அது சமையல் நூல் எனத் தெரியவருகிறது.

தொண்டு பெறுபவரும் பரிமாறப்படும் உணவும் அந்த ஆங்கில வினைக்கு ஒரே வகையான செயப்படுபொருளாக அமைவர். தமிழில் இவ்வமைப்பு இயலாது. பெறுபவர் நான்காம் வேற்றுமை ஏற்பர். உணவு இரண்டாம் வேற்றுமை ஏற்கும். 'மனிதருக்குப் பரிமாறுதல்', 'மனிதரைப் பரிமாறுதல்' என இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும். அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' தொக்கு வரலாம். மனிதரைக் குறிக்கும் பெயரில் அவ்வாறு தொகுதல் இக்கால வழக்கில் இல்லை.

வேற்றுமை உருபு விரியும் இடத்தில் மயக்கம் இல்லையெனின், அது தொகும் இடத்தில் தேடவேண்டும். தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களில் மயங்கும் என்பது நன்னூலார் கருத்து. 'மனித விருந்து' என்னும் தொடரை நோக்குக. மனிதருக்குத் தரும் விருந்து எனலாம். மனிதராகிய விருந்தினர் எனலாம். மனிதரையே உணவாகக் கொண்ட விருந்து எனவும் விரிக்கலாம். 'விருந்து' என்னும் சொல்லும் இதற்கு உதவுகிறது. பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியலில் தொல்காப்பியர் அதனை வைத்துள்ளார். 'விருந்து வந்தது' என்பது மரபு. வந்தவரையும் வைத்த உணவையும் ஒரே சொல் சுட்டுவதே இக்கதைக்கு வேண்டுவது. விருந்தினராகச் சென்றவர்கள் விருந்தாகிறார்கள்.

தொண்டு என்னும் பொருள் இதில் மங்குவது உண்மை. உணவின் சாயல் முன்னதாகவே தட்டுப்படும் என்பதும் உண்மை. 'மனிதப் படையல்' என்பதைவிட இச்சாயல் குறைவு என்பதோடு அமைதல் வேண்டும். மூலத் தலைப்பை மாற்றலாமா என்று வினவுவோருக்கு ஒரு விடை உண்டு. கதைக்குள் ஆங்கிலத் தலைப்பே ஒரு மொழிபெயர்ப்பு. அந்த இரட்டைப் பொருள் கானமிட் மொழியிலும் அவ்வாறே இருக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. ஆங்கிலத்துக்கு இருந்த உரிமை தமிழுக்கும் உண்டு.

5. உண்டு

பிரவுனின் 'ஆன்சர்' (1954) கதையில் தொண்ணூற்றாறு பில்லியன் கோள்களின் கணிப்பொறிகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. கடவுள் இருப்பு பற்றிய வினா முதலில் கேட்கப்படுகிறது. இந்த நொடி முதல் என்னும் பொருள்தரும் ஒரு காலச்சொல்லோடு பொறி உடன்பாட்டு விடை தருகிறது. தானே கடவுள் என்பது அதன் உட்பொருள்.

'இருக்கிறார்' என்று பெயர்த்தால் உயர்வுப் பன்மை வந்து, பேசும் பொறிக்கும் பேசப்படும் கடவுளுக்கும் இடையே தொலைவை உண்டாக்கும். 'இருக்கிறது' என்றால் வினவியவரின் பணிவு கெடும். 'உண்டு' ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானது என்பது நன்னூல் விதி. படர்க்கைக் கடவுளுக்கும் தன்மையில் பேசும் பொறிக்கும் அது ஒருசேரப் பொருந்தும். மேலும் 'உண்டு' இக்காலத் தமிழில் காலம் கடந்த உண்மையைக் கூறப் பெரிதும் பயன்படுவது. அதன்முன் 'இப்போது' என்னும் சொல் வரும்போது ஏற்படும் முரணே அதிர்ச்சியைத் தருகிறது. வினைக்கு முன்னிடம் தமிழில் அழுத்தம் பெறும் இடமாதலால் வேறு அழுத்தம் வேண்டியதில்லை. 'இப்போதுதான்' எனத் தேற்றம் சேர்ப்பது, வாசகர் தாமே காணவேண்டியதை மொழிபெயர்ப்பாளர் கைகாட்டிக் கொடுப்பதாகிவிடும்.

6. முடிவுரை

மேற்கண்ட நான்கு கதைகளிலும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் கிடைக்காமையால் எழுந்த சிக்கல் எதுவுமில்லை. திணை, இடம், வேற்றுமை, குறிப்பு வினைமுற்று ஆகிய இலக்கணக் கூறுகளே கதையைக் காத்தும் கெடுத்தும் நிற்கின்றன. இவ்வகைக் கதையை மேற்கொள்பவர் முதலில் இறுதி வரியைப் படித்து, மூலத்தில் மயக்கம் எந்த இலக்கணக் கூறில் உள்ளது எனக் கண்டறிதல் வேண்டும். அடுத்து, தமிழில் அதனைத் தாங்கவல்ல கூறு எது எனத் தேர்தல் வேண்டும். அதன் பின்னரே முதல் வாக்கியத்தைத் தொடங்குதல் தகும்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இக்கதைகளுக்கு இடமளிப்பதும் பயன் தரும். நீண்ட புதினத்தில் ஒரு விகுதிப் பிழை கவனிக்கப்படாமல் போகலாம். ஒரு பக்கக் கதையில் அது கதையையே அழித்துவிடும். வழுவமைதி, தொகைமயக்கம், விரவுப்பெயர் ஆகியவை தேர்வுக்காக மனனம் செய்யும் பகுதிகளாகவே இன்றும் பல வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடக்கும் கதையைத் தமிழில் சொல்ல முற்படும்போது, அவற்றின் தேவை வேறெங்கும் இல்லாத தெளிவோடு புலப்படுகிறது.