கதை முடிந்தபின் பிறக்கும் கேள்வி

கதை படிப்பது பொழுதைப் போக்கத்தானே, அதற்கு எதற்குப் பகுத்தறிவுத் தராசு என்று கேட்டார் நண்பர் ஒருவர். படிப்பகத்து மேசையில் நாம் அடுக்கி வைத்திருந்த ஆறு நாவல்களைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். கேள்வியில் குறும்பு இருந்தது, குற்றம் இல்லை. உழைத்துக் களைத்தவன் கதையில் இளைப்பாற விரும்புவது இயல்பு. ஆயினும், இளைப்பாறப் போன இடத்திலேயே மனிதன் பலவற்றை நம்பத் தொடங்குகிறான். மேடையிலே சொன்னால் மறுப்பவன், கதையிலே சொன்னால் தலையாட்டுகிறான். புராணம் இந்நாட்டிலே நிலைத்தது எப்படி? வாதிட்டு வென்றதாலா? கதையாகச் சொல்லப்பட்டதால் அல்லவா!

ஆகவே ஆறு நாவல்களையும் ஒரே கேள்வியோடு படித்தோம். கதை முடிந்து, ஏட்டை மூடியபின், நம் உள்ளத்திலே கேள்வி பிறக்கிறதா, இருந்த கேள்வியும் உறங்கிப்போகிறதா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல். வரலாறு, மர்மம், விஞ்ஞானம், சீர்திருத்தம், தொழிலாளர் வாழ்வு, சேரி வாழ்வு என ஆறும் ஆறு வகை.

முதலில் 'பொன்னியின் செல்வன்'. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் ஏட்டில் தொடராக எழுதியது. 2022லும் 2023லும் இரு பாகங்களாகத் திரைப்படமாகி, படிக்காதவர் வீட்டிலும் வந்தியத்தேவனைக் குடியேற்றியது. ஐந்து பாகங்களையும் அலுக்காமல் படித்தோம் என்பதை மறைக்கமாட்டோம். கல்கியின் நடை, ஆற்று நீரோட்டம்போல இழுத்துச் செல்கிறது. இழுத்துச் செல்லும் ஆற்றில்தான் கரை எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்!

ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக் கரையிலே கதை தொடங்குகிறது. அந்த ஏரிக்கு அருகேதான் காட்டுமன்னார்கோயில்; அங்கேதான் உடையார்குடிக் கோயில். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று அக்கோயிலில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளையும், அவர்தம் உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்யச் சொல்லும் ஆணை அது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தார் பெயர்கள் அதிலே உள்ளன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்ற பட்டம். பிரமாதிராசன் என்பது அரசுப் பணியிலிருந்த பார்ப்பன அதிகாரிகளுக்குச் சோழர் வழங்கிய பட்டம்.

நாவலிலே ரவிதாசன் யார்? மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி, காட்டிலும் பாழடைந்த மண்டபத்திலும் ஆந்தைபோல் அலறித் திரிபவன். கல்வெட்டு காட்டும் ரவிதாசனோ சோழ அரசிடமே பட்டம் பெற்ற உயர் அதிகாரி. கொலைக்குக் காரணம் இன்னதென்று கல்வெட்டு கூறவில்லை. நாமும் கூறத் துணியமாட்டோம். கற்பனை செய்ய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசனின் அருகிலே அதிகாரத்தோடு இருந்தவனை, அரண்மனைக்கு வெளியே நிற்கும் மந்திரவாதியாக மாற்றிவிட்டால், வாசகன் மனத்தில் எழவேண்டிய கேள்வி எழாமலே போகிறது. கரிகாலன் மறைந்தபின் உத்தமசோழன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். அத்தனை ஆண்டுகள் அவர்கள் உடைமை பறிபோகாதிருந்தது ஏன்? இது வரலாற்று மாணவன் கேட்கும் கேள்வி. நாவலின் ஐந்தாம் பாகமோ 'தியாக சிகரம்'! தியாகத்தைக் கண்டு கண்ணீர் விடுகிறோம், விசாரணையை மறந்துபோகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏரியின் அழகைக் காட்டியவர், ஏரியை வெட்டியவனைக் காட்டவில்லை. இளவரசர்களின் வாள் பேசுகிறது. ஓடக்காரப் பெண் பூங்குழலியும் பாடுகிறாள். மண் சுமந்தவன் மட்டும் வாய் திறக்கவில்லை. இளைஞர்கள் இதைப் படிக்கட்டும்; படித்து முடித்ததும் காட்டுமன்னார்கோயிலுக்கு ஒருமுறை போய்வரட்டும். கதைக்கும் கல்லுக்கும் உள்ள தொலைவு புரியும்.

அடுத்து, சுசாதாவின் இரு நாவல்கள். 'கொலையுதிர் காலம்' மர்மக் கதை. வழக்கறிஞர்கள் கணேசும் வசந்தும் ஒரு பெண்ணின் சொத்து விவகாரமாகச் செல்லும் இடத்தில் ஆவி உலவுவதாக அச்சம். ஒளியால் வெட்டவெளியில் உருவம் காட்டும் விஞ்ஞானம் ஒருபுறம், பேய் மறுபுறம். இரண்டையும் தராசின் இரு தட்டில் நிறுத்தி, இறுதிவரை ஊசலாட விடுகிறார் ஆசிரியர். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால், விடை தேட வழி காட்டிவிட்டு நிற்கும் வினா வேறு. மூடுபனியைப் பரப்பிவிட்டு நழுவுவது வேறு. பேயை நம்புகிறவனும், நம்பாதவனும் தத்தம் நம்பிக்கையோடே ஏட்டை மூடலாம். இருவரையும் மகிழ்விக்கும் கதை, இருவரையும் சிந்திக்கவிடாமலே அனுப்பிவிடுகிறது.

அதே எழுத்தாளர், அதே ஒளி உருவத்தை, 'என் இனிய இயந்திரா'விலே எப்படிப் பயன்படுத்துகிறார் பாருங்கள்! இருபத்தோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடப்பதாக அவர் எழுதிய கதை. அந்த ஆண்டுகள் இப்போது நம்மைக் கடந்தே போய்விட்டன. நாட்டை ஆள்பவர் ஜீவா. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மக்கள் அவர் உருவத்தைக் கண்டு மெய்சிலிர்க்கிறார்கள், வாழ்த்துப் பாடுகிறார்கள். நிலா என்னும் சாதாரணப் பெண்ணும், ஜீனோ என்னும் இயந்திர நாயும் தேடிப்போய்க் கண்டறிவது என்ன? ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை! வெறும் ஒளி உருவம். பின்னால் நின்று ஆட்டுவிப்பவர் வேறு. கருவறைக்கு நாம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விளக்கத்தை, கருவறையின் பெயரே எடுக்காமல், ஒரு விளையாட்டுக் கதையாகச் சொல்லிவிட்டார். உருவத்தைக் காட்டி மக்களை ஆளலாம் என்பது கோயிலுக்கு மட்டும் பொருந்துமா? கட்சிக்கும் பொருந்தும், திரைக்கும் பொருந்தும், தலைவரின் படத்துக்கும் பொருந்தும். நம் இளைஞர் இதைப் படிக்கும்போது, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்தக்கூடாது.

நான்காவது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தாமே அம்முறையின் பிடியில் வளர்ந்து, அதை உதறி, சுயமரியாதை மேடையில் நின்று போராடியவர் அம்மையார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதற்குப் பதினோராண்டு முன்னரே எழுந்த குரல் இது. 1989 முதல் பல்லாண்டுகள் அரசின் திருமண உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நின்றது. பெயரை அறிந்த வீடுகள் ஏராளம். நாவலைப் படித்த வீடுகள் எத்தனை?

நம்மவர் எழுதியது என்பதற்காகக் குறையை மறைத்தல் பகுத்தறிவாகாது. இந்நாவலில் பாத்திரங்கள் பேசவில்லை, சொற்பொழிவாற்றுகிறார்கள். வாசகன் கேள்வி கேட்பதற்குள் ஆசிரியரே விடை கூறிவிடுகிறார். தலைப்போ பழியைத் தாசிகள் தலைமேல் ஏற்றுவதுபோல் ஒலிக்கிறது. இத்தனையும் உண்மை. ஆயினும் படிக்கப் படிக்க ஒன்று துலங்குகிறது: வலை விரிக்கும் பெண்ணும் அதே வலையில் சிக்கிக் கிடப்பவளே. மயக்கும் சொல், பணம் பறிக்கும் தந்திரம், தாய்க்கிழவியின் கணக்கு ஆகியவற்றை, உள்ளே இருந்து கண்டவரைத் தவிர வேறெவர் எழுதியிருக்க முடியும்? 'தெய்வத்துக்குத் தொண்டு' என்று போற்றப்பட்டதன் வரவு செலவை அம்மையார் விரித்துக் காட்டிவிட்டார். கலையிலே குறைந்தாலும், துணிவிலே மற்ற ஐந்தும் இதன் பின்னேதான் நிற்கும்.

ஐந்தாவது, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வு. எழுத்தாளர் அம்மக்களிடையே நேரில் சென்று, கண்டு, கேட்டு எழுதியது. அளத்தில் கூலிக்குப் போகும் பொன்னாச்சி, காலைப் புண்ணாக்கும் உப்புநீர், தாகத்துக்குக் கிடைக்காத குடிநீர், ஏழைப் பெண் என்றால் எளிதில் நீளும் மேற்பார்வைக் கைகள் என எதுவும் மிகைப்படுத்தப்படவில்லை. 1930இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்ததைப் பாடநூலில் படித்தோம். விடுதலை வந்தபின் உப்பெடுத்தவள் என்ன ஆனாள்? பாடநூல் கேட்காததை இந்நாவல் கேட்கிறது. இதைப் படித்த அன்று, இலையின் ஓரத்தில் வைத்த உப்பை நாம் வேறு கண்ணோடு பார்த்தோம்.

ஆறாவது, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994இல் வந்தது. நம்மைத் தூங்கவிடாத நாவல் இதுவே. ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தியும் அவள் கணவன் சவுரியும் சேரி மக்களுக்குத் துணி வெளுக்கிறார்கள். ஊர் ஒதுக்கியவர்களாலும் ஒதுக்கப்பட்ட குடும்பம்! பிள்ளை பிறந்தாலும் அவள் வேண்டும், பிணம் விழுந்தாலும் அவள் வேண்டும். களத்து மேட்டில் நெல் அளக்கும்போது மட்டும் அவள் கெஞ்சி நிற்கவேண்டும். இராச்சோறு எடுக்கத் தெருத் தெருவாய் நடக்கவேண்டும். மகனைச் சாமியார் படிப்புக்கு அனுப்பினாள். அவன் நிலைக்காமல் திரும்பிவிட்டான். மகள் மேரிக்கு நேர்ந்த கொடுமையை வெளியே சொல்லவும் முடியவில்லை. அவர்கள் கிறித்தவர்கள், சிலுவைக்கு முன் மண்டியிட்டும் சாதி அவர்கள் முதுகைவிட்டு இறங்கவில்லை.

இந்நாவலைக் குறித்து எதிர்ப்பும் எழுந்தது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளே இருக்கும் மேடு பள்ளத்தை வெளியே காட்டினால், ஒடுக்குவோனுக்குத்தானே வசதி என்று சிலர் வருந்தினர். அந்த வருத்தத்தை நாம் எள்ளமாட்டோம்; நம் படிப்பகத்திலேயே ஒரு தோழர் அதை எடுத்துரைத்து வாதாடினார். ஆனால் ஆரோக்கியம் கேட்டால் என்ன சொல்வது? 'உன் துயரத்தை இப்போது பேசாதே, எங்கள் கணக்கு முடியட்டும்' என்றா? இதைத்தானே மேலிருப்பவன் எல்லாக் காலத்திலும் கீழிருப்பவனிடம் சொல்லிவந்தான்! சாதி என்பது படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் நிற்பவனுக்கு மிதிக்க ஒரு படி கிடைத்துவிடுகிறது. நாம் எந்தப் படியில் நிற்கிறோம், நம் காலடியில் யார் என்று குனிந்து பார்க்கச் செய்கிறது இந்நாவல். எதிரியைச் சுட்டும் நூல்கள் நமக்குப் பழக்கம். நம்மைச் சுட்டும் நூல் அரிது.

நண்பரின் கேள்விக்கு வருவோம். பொழுது போவதற்காகப் படித்தால் என்ன குற்றம்? குற்றமில்லை. ஆனால் போனது பொழுது மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொன்னியின் செல்வனைப் படித்த ஒரு மாணவர், ரவிதாசன் மந்திரவாதியாகத்தான் வரலாற்றிலும் இருந்தான் என்று நம்மிடம் அடித்துப் பேசினார். கல்வெட்டைப் பற்றிச் சொன்னதும் சற்றே வாட்டமுற்றார். மறுவாரம், கோவேறு கழுதைகளைக் கையில் எடுத்துச் சென்றவரும் அவரே. திருப்பித் தரும்போது அவர் நாவலைப் பற்றிப் பேசவில்லை. 'எங்கள் தெருவுக்கு வெளுக்க வந்த அம்மாளின் பெயர் என்னவென்று வீட்டில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை' என்றார்.

ஒரு நாவல் அந்த ஒரு கேள்வியை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. தோழர்களே, ஆறையும் படியுங்கள். நாம் சொன்னதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம், ஒன்றைத் தலைமேல் வைத்து ஆடவும் வேண்டாம். ஏட்டை மூடியதும் உங்களையே கேளுங்கள், கேள்வி பிறந்ததா என்று!