பாசறை வாசலில் படக்காரர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) படைகள் முகாமிட்ட இடங்களில் புகைப்படக்காரர்களும் கூடாரம் போட்டார்கள். உள்ளே இருட்டறை, வெளியே ஒரு நாற்காலி, பின்னால் தீட்டிய திரைச்சீலை. கறுப்பு மெருகு பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் கொலோடியன் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். புழுதிக்கும் வெயிலுக்கும் நடுவே இதைச் சாதித்த கைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கண்ணாடிப் படம் உடையும். இந்தத் தகட்டையோ வீரர்கள் கடிதத்தோடு வைத்து ஊருக்கு அனுப்பிவிடலாம். பிம்பம் இடவலம் மாறி விழுவதால் இடுப்புப்பட்டையின் எழுத்துகள் திரும்பியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது, கன்னத்தில் லேசாக ஏற்றிய ரோஜா நிறமும் சட்டைப் பொத்தான்களில் ஒவ்வொன்றாக வைத்த பொன்புள்ளியும். அவ்வளவு நெருக்கடியிலும் அதற்கென்று ஒரு மெல்லிய தூரிகையை எடுத்திருக்கிறார்கள்.