ரீட்டாவின் ஒற்றை வரிப் பதில்

39 வயதில் அஞ்சல்வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கான்டாக்ட் கிளாஸ். முதல் வகுப்புக்கு வந்த பேராசிரியர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஐம்பது பேரில் நாற்பது பேர் பெண்கள், பெரும்பாலும் திருமணமானவர்கள். “நீங்கள்ளாம் ‘எஜுகேட்டிங் ரீட்டா’ பாருங்கம்மா, உங்க கதைதான்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். படத்தைத் தேடிப் பார்த்தேன். பிறகு நாடகப் பிரதியையும் வாசித்தேன். அது எங்கள் கதைதானா என்ற கேள்வி பட்டம் வாங்கிய பிறகும் என்னை விடவில்லை.

வில்லி ரஸ்ஸல் எழுதிய இந்த நாடகம் 1980இல் லண்டனில் மேடையேறியது. 1983இல் லூயிஸ் கில்பர்ட் அதைப் படமாக்கினார். ஜூலி வால்டர்ஸ் ரீட்டாவாகவும் மைக்கேல் கெய்ன் பேராசிரியர் ஃபிராங்க்காகவும் நடித்தார்கள். நாடகத்தில் இவர்கள் இருவர் மட்டுமே பாத்திரங்கள். கதை முழுவதும் ஃபிராங்கின் அறையில் நடக்கிறது. ரீட்டாவுக்கு 26 வயது. முடிதிருத்தகத்தில் வேலை பார்ப்பவள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இலக்கியம் படிக்க வருகிறாள். ஃபிராங்க் கவிதை எழுதுவதைக் கைவிட்டவர், புத்தகங்களுக்குப் பின்னால் மது பாட்டில்களை ஒளித்து வைத்திருப்பவர். ரஸ்ஸலும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, முடிதிருத்துபவராக இருந்து, பிறகு படிப்புக்குத் திரும்பியவர். ரீட்டாவின் பேச்சில் இருக்கும் உயிர் அங்கிருந்து வருகிறது.

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசும் பலரும் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தை நினைவுகூர்கிறார்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணைச் செதுக்குகிறான்; செதுக்கி முடித்ததும் அவள் அவனுக்குப் பிடிக்காதவளாகிவிடுகிறாள். ஃபிராங்கும் தன்னை ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். படித்த பிறகு ரீட்டா தன் இயல்பை இழந்துவிட்டாளா, படிப்பு அவளைக் கெடுத்துவிட்டதா என்று விமர்சகர்கள் கவலைப்படுகிறார்கள். இது ஆசிரியரின் கவலை. படிக்கும் பெண்ணின் இடத்தில் இருந்து பார்த்தால் முதலில் எழும் கேள்வி வேறு. இவள் எப்போது படித்தாள்? யாருக்குத் தெரியாமல் படித்தாள்?

நாடகம் இதற்கு ஓர் இடத்தில் விடை சொல்கிறது. ரீட்டாவின் கணவன் டென்னி குழந்தை வேண்டும் என்கிறான். அவள் கருத்தடை மாத்திரையை இன்னமும் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. அவன் அவளுடைய புத்தகங்களையும் எழுதி வைத்திருந்த தாள்களையும் எரிக்கிறான். கோபம் மாத்திரை மேல், எரிவது புத்தகம். நாடகத்தின் மிகக் கூர்மையான இடமாக நான் இதைக் கருதுகிறேன். ஒரு பெண் தன் உடலின் காலத்தைத் தானே முடிவு செய்வதும் தன் மாலைப்பொழுதைத் தானே முடிவு செய்வதும் ஒன்றுதான் என்பது டென்னிக்குப் புரிந்திருக்கிறது. பேராசிரியருக்கு அது கடைசிவரை புரிவதில்லை.

ஆனால் அதன் பிறகு ரஸ்ஸல் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிறார். படிப்பையும் மாத்திரையையும் நிறுத்து, இல்லாவிட்டால் வெளியே போ என்கிறான் டென்னி. ரீட்டா வெளியேறுகிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய மாமியார் இல்லை. வேறொரு பெண்ணோடு வீட்டைப் பகிர்ந்துகொள்கிறாள், கோடைகால வகுப்புக்குப் போகிறாள், நினைத்த நேரத்தில் படிக்கிறாள். அதாவது, ரீட்டா முன்னேறத் தொடங்கும் இடத்தில் அவளுடைய வீட்டுவேலை கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. வீட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் பகுதிநேர மாணவி அத்துடன் காணாமல் போகிறாள்.

எங்கள் வகுப்பில் யாரும் வெளியேறவில்லை. யாரும் படிப்பையும் விடவில்லை. இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்கு வந்து பின்வரிசையில் கண்ணயரும் செவிலியர் இருந்தார். வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்த ஓர் அக்கா, முகூர்த்த மாதங்களில் மட்டும் வரமாட்டார். தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் நாள் என்பதால் விடியுமுன் சமைத்து மூடிவிட்டு வந்தவர்களே அதிகம். இந்த வாழ்க்கையில் ஒரு நாடகாசிரியனுக்கு உச்சக்காட்சி கிடைக்காது. கதவு அறையப்படுவதில்லை, புத்தகம் எரிவதில்லை. அரைமணி நேரம் கிடைக்கிறது, பிறகு பறிபோகிறது, மறுநாள் மறுபடி தேட வேண்டியிருக்கிறது.

இதை எழுதிய ஒருத்தி 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் இருந்தாள். ராஸ்சுந்தரி தேவி. பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். கணவரின் ‘சைதன்ய பாகவத’ நூலிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையின் எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, தானாகவே வாசிக்கக் கற்றார். பின்னாளில் ‘ஆமார் ஜீபன்’ என்ற தன்வரலாற்றை எழுதினார். வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று அது போற்றப்படுகிறது. அவருக்கு ஆசிரியர் இல்லை, அறை இல்லை, வீட்டை விட்டுப் போகும் வழியும் இல்லை. எங்கள் வகுப்புக்கு யாருடைய கதை பொருந்தும் என்று அந்தப் பேராசிரியர் இன்று கேட்டால், ரீட்டாவுக்கு முன்னால் ராஸ்சுந்தரியைச் சொல்வேன்.

அப்படியானால் ரீட்டாவை ஒதுக்கிவிடலாமா? முடியாது. என்னால் விட முடியாத ஒரு காட்சி அதில் இருக்கிறது.

இப்சனின் ‘பீர் கின்ட்’ நாடகத்தை மேடையேற்றுவதில் உள்ள சிக்கல்களை எப்படித் தீர்ப்பாய் என்று ஃபிராங்க் அவளுக்கு ஒரு கட்டுரை கொடுக்கிறார். ரீட்டா ஒரே வரியில் முடித்துவிடுகிறாள்: வானொலியில் போட்டுவிடலாம். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். கட்டுரையை முறையாக எழுதத் தெரியாத அப்பாவித்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் சரியானது. 1867இல் இப்சன் ‘பீர் கின்ட்’டை வாசிப்பதற்கான நாடகக் கவிதையாகவே எழுதினார். மலை, பாலைவனம், கடல் என்று அலையும் அந்தப் படைப்பு மேடைக்கு வர 1876 ஆனது. ஃபிராங்க் வற்புறுத்தியதும் ரீட்டா இந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருந்தது; அதை நாலு பக்கத்துக்கு நீட்ட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

வானொலி என்ற யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது? நாடகம் இதைச் சொல்லவில்லை, நான் ஊகிக்கிறேன். நாள் முழுவதும் கை வேலையில் இருக்கும் பெண் அவள். கை ஓயாதவளுக்குக் கலை காது வழியாகத்தான் வந்து சேரும். அவள் சேர்ந்த பல்கலைக்கழகமே ஆரம்பத்தில் பிபிசியின் வானொலியையும் தொலைக்காட்சியையும் வகுப்பறையாக்கித்தான் பாடம் நடத்தியது. ஆக, அந்த ஒரு வரியில் ஓர் உழைக்கும் பெண்ணின் அழகியல் இருக்கிறது. அதை ஃபிராங்க் கேட்டிருக்கலாம். அவர் தேர்வுக்குத் தயார் செய்தார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென ஓர் அறை’ எனக்குப் பாடமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில், மகனின் கணக்கு நோட்டுக்கும் நறுக்க வைத்த வெண்டைக்காய்க்கும் நடுவில் அதைப் படித்தேன். வருமானமும் பூட்டு உள்ள அறையும் பற்றி எழுதுவதற்கு என்னைவிட யாருக்கு அதிகம் இருந்திருக்கும்? ஆனால் தேர்வில் நோட்ஸில் இருந்ததைத்தான் எழுதினேன். “சொந்தமா எழுதாதீங்க, பாயின்ட் பாயின்ட்டா எழுதுங்க, திருத்துறவங்களுக்கு நேரம் கிடையாது” என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நல்ல மதிப்பெண் வந்தது. வெண்டைக்காய் அந்த விடைத்தாளுக்குள் நுழையவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

இங்கே இன்னொன்றையும் பேச வேண்டும். ரீட்டா படிக்க வந்த காரணத்தைக் கேட்டால், தெரிந்துகொள்ள வேண்டும், எல்லாவற்றையும், என்கிறாள். எங்களில் ஒருத்திகூட அப்படிச் சொல்லியிருக்க முடியாது. “எதுக்கு? பிரமோஷனா? பி.எட். போகவா?” என்று வீட்டில் கேட்பார்கள். ஆம் என்றால்தான் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். எனக்கு இந்தப் பட்டத்தால் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று தெரிந்தும் “ஆபீஸ்ல உதவும்” என்றுதான் சொன்னேன். கணினிப் படிப்பு என்றால் பொய் தேவைப்பட்டிருக்காது. கவிதை படிக்க ஒரு மனைவி வீட்டை விட்டுப் போகிறாள் என்பதை ஏற்க வைக்கத்தான் அத்தனை பொய்.

இங்கிலாந்திலும் இந்தப் பொய் தேவைப்படக் கூடாது என்று நினைத்தவர் ஒரு பெண். ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜென்னி லீ அமைச்சராக இருந்தபோது திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்காகப் போராடினார். சேர்வதற்கு முன்தகுதி கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குறையக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1971இல் பாடங்கள் தொடங்கியபோது அறிவியல், கணிதம், சமூக அறிவியலோடு கலை இலக்கியப் பாடமும் முதல் வரிசையிலேயே இருந்தது. பிறகு 2012இல் அங்கே கல்விக் கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டது. பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பயன் என்ன என்ற கேள்விக்குப் பணத்தால் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால், இப்படிப் படிப்பவர்கள்தான் முதலில் கழன்றுபோகிறார்கள்.

நம் நாட்டில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இக்னோ வந்தது, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. கல்லூரி வாசலுக்கே போக முடியாத எத்தனையோ பெண்களுக்குப் பட்டம் கிடைத்தது இதனால்தான். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்தது பாடப்புத்தகமும் தேர்வும் மட்டுமே. படித்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள், எழுதியதைப் படித்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. குடிகாரராக இருந்தாலும் ரீட்டாவுக்கு ஒரு ஃபிராங்க் இருந்தார்.

நாங்கள் அதை வேறு வழியில் தேடிக்கொண்டோம். வகுப்புத் தோழிகள் ஏழு பேர் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினோம். தேர்வுக்காக ஆரம்பித்தது, தேர்வுக்குப் பிறகும் நிற்கவில்லை. வேலை செய்துகொண்டே பேசுவோம், வேலை செய்துகொண்டே கேட்போம். ரீட்டாவின் வானொலி மாதிரி.

இப்சனின் ‘பொம்மை வீடு’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நோரா கதவைச் சாத்திவிட்டுப் போவதைப் பற்றி நான் ஆவேசமாக ஏதோ அனுப்பியிருந்தேன். மறுநாள் தையல் அக்காவிடமிருந்து பதில் வந்தது. பின்னால் மிஷின் ஓடும் சத்தம். “அது சரி கண்ணு. நோரா போனப்புறம் அந்த மூணு புள்ளைங்களையும் யாரு பாத்துக்குறா? அந்த ஆயாம்மாதான? அவ தன் சொந்தப் பொண்ண விட்டுட்டு வந்துதான நோராவையே வளத்தா? அவ போறதுக்கு ஒரு கதவு எந்தப் பக்கத்துல இருக்குன்னு நானும் தேடித் தேடிப் பாத்தேன். காணோம்.”

நாடகத்தில் அந்தச் செவிலித்தாயின் வசனங்கள் மிகக் கொஞ்சம். என் நோட்ஸில் அவளுக்குத் தலைப்பே கிடையாது. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தேன். அக்கா சொன்னது அங்கே இருந்தது. பட்டம் வாங்கிய நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அக்கா அந்தத் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தார், மூன்றாம் முறைக்குப் பணம் கட்டியிருந்தார்.