முப்பதாவது வினாடிக்குப் பிறகு

கைத் தேடுவிளக்கை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் லூமென் என்ற ஒரே எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் இமாலென்ட் எம்எஸ்18 ஒரு சாதனைதான். 18 எல்.ஈ.டி.களை ஒரு கை தாங்கும் உருவத்துக்குள் அடக்கி, விசிறி வைத்துச் சூடு தணித்து, 1,00,000 லூமென் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அதன் ஒளி எட்டும் தூரமாக நிறுவனமே சொல்வது 1350 மீட்டர். ஏஸ்பீம் டபிள்யூ30 தருவது 500 லூமென். எட்டுவதோ 2408 மீட்டர். இருநூறில் ஒரு பங்கு ஒளி ஏறத்தாழ இருமடங்கு தூரம் போகிறது. இந்த முரணுக்கு விடை சொல்லாத மதிப்பீடு விளம்பரத்தின் மறுபதிப்புதான்.

விடை கடினமானதல்ல. லூமென் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளி. கேண்டலா என்பது ஒரு திசையில் அது செறிந்திருக்கும் அளவு. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டலாதான். ஒளி பிறக்கும் புள்ளி எவ்வளவு சிறியதாகவும் பிரகாசமாகவும் இருக்கிறது, அதை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர் அல்லது லென்ஸ் எவ்வளவு அகலம் என்ற இரண்டும்தான் அதை நிர்ணயிக்கின்றன. லேசரால் பாஸ்பரைத் தூண்டும் டபிள்யூ30இல் அந்தப் புள்ளி மிக நுண்ணியது. எம்எஸ்18இல் பதினெட்டு எல்.ஈ.டி.கள் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மொத்தம் பெருகுகிறது, செறிவு அந்த அளவுக்குப் பெருகுவதில்லை.

ஜெர்மனியின் பான் நகரில் இதைச் சோதிக்க இயற்கையே ஓர் அளவுகோலை நிறுத்திவைத்திருக்கிறது. நகரின் தென்கோடியில் மேலெம் படகுத்துறை. ரைன் ஆற்றின் அக்கரையில், ஏறத்தாழ 1400 மீட்டர் தொலைவில், 321 மீட்டர் உயர டிராகென்ஃபெல்ஸ் குன்றும் அதன் உச்சியில் இடிந்த கோட்டையும். கணக்குப்படி எம்எஸ்18 அந்தச் சுவரில் சேர்க்கும் ஒளி கால் லக்ஸுக்கும் சற்றுக் குறைவு, டபிள்யூ30 சேர்ப்பது முக்கால் லக்ஸ். கால் லக்ஸ் என்பது முழுநிலவின் வெளிச்சம். கைவிளக்குகளை அளப்பதற்கான எஃப்எல்1 தரநிலை ‘எட்டும் தூரம்’ என்று ஏற்பது அவ்வளவைத்தான். சுவர் இருப்பது தெரியும். சுவரோரம் நிற்பது ஆளா புதரா என்று தெரியாது. உற்பத்தியாளர் சொல்லும் தூரத்தில் பாதியை மட்டுமே நான் கணக்கில் எடுக்கிறேன். அங்கே ஒளி நான்கு மடங்கு. இலையுதிர்காலத்தில் ரைன் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. ஒளி திரும்பிக் கண்ணிலேயே விழும்.

தரநிலையின் பெரிய குறை தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. விளக்கை எரியவிட்டு முப்பது வினாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் ஒளியை அளக்கலாம். அந்த அளவில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை ‘எரியும் நேரம்’ என்று எழுதலாம். மூன்றாம் நிமிடத்தில் வெப்பம் தாங்காமல் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கி, அதே நிலையில் மணிக்கணக்காக எரியும் விளக்கும் இந்த விதிப்படி நேர்மையானதே. எஃப்எல்1 வருமுன் ‘மில்லியன் கேண்டில்பவர்’ என்று அட்டைப்பெட்டியில் அவரவர் விருப்பம்போல் அச்சிட்ட ஹாலஜன் காலத்தை நினைத்தால், இது முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேடுதல் என்பது மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகு நடக்கும் வேலை.

வாயுவினூடே மின்சாரம் செலுத்தி ஒளி பெறும் மரபில் பானுக்குத் தனி உரிமை உண்டு. இங்கே பட்டறை வைத்திருந்த கண்ணாடிக் கைவினைஞர் ஹைன்ரிஹ் கைஸ்லர், பல்கலைக்கழகப் பேராசிரியர் யூலியுஸ் புளூக்கருக்காக 1857இல் தன் பெயர் தாங்கிய குழாய்களைச் செய்தார். அந்த மரபில் வெகுதூரம் வந்ததுதான் மேக்ஸாபீம் போன்ற விளக்குகளின் 75 வாட் செனான் குறுவில். கற்றையின் தூய்மையிலும் வீச்சிலும் அது இன்றும் முன்வரிசை. ஆனால் எரியாதபோதும் உயரழுத்தத்தில் இருக்கும் குமிழ், அதைப் பற்றவைக்கக் கிலோவோல்ட் துடிப்பு, தேய்ந்தால் கவசமணிந்து மாற்ற வேண்டிய கட்டாயம் எல்லாம் உடன் வரும். நிறுவனங்களுக்கு அது கருவி, வீட்டுக்காரருக்குச் சுமை.

பராமரிப்பில்தான் வடிவமைப்பின் நேர்மை வெளிப்படுகிறது. லித்தியம் அயான் செல்லை 4.2 வோல்ட்டில் நிறைத்து அலமாரியில் வைத்தால் அது விரைவில் மூப்படையும், 3.7, 3.8 வோல்ட்டில் பாதி நிறைத்து வைத்தால் நெடுநாள் வாழும். ஆனால் ஆபத்துக்கு எடுக்கும் விளக்கு பாதி நிறைவில் இருப்பதில் என்ன பயன்? இரண்டு செல்கள் வைத்துக்கொள்வதே வழி: ஒன்று நிறைந்து விளக்கினுள், ஒன்று பாதியில் பெட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடமாற்றம். கடையில் கிடைக்கும் சாதாரண 21700 செல்லைக் கழற்றி மாட்ட முடிந்தால்தான் இது நடக்கும். நிறுவனத்தின் தனிப் பேட்டரியை மட்டுமே ஏற்கும் விளக்கில் உரிமையாளர் அந்த நிறுவனத்துக்கு நிரந்தர வாடகைக்காரர். மின்னணு சுவிட்ச் அணைந்த நிலையிலும் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். மரைகளில் அனோடைஸ் பூச்சிருந்தால் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தினால் போதும். அது தற்செயலாக எரிவதையும் தடுக்கும்; இந்த வலுவுள்ள விளக்கு கருப்புத் துணியை நிமிடத்தில் கருக்கிவிடும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ். ரிஃப்ளெக்டரைத் தொடவே கூடாது. குளிர்காலத்தில் காரில் கிடந்த விளக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து, சூடேறிய பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். உறைநிலைக்குக் கீழே செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும்.

இவ்வளவு ஒளி ஒரு தனிமனிதருக்குத் தேவையா? ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி அமைப்பான டி.ஹெச்.டபிள்யூ., குடிமக்கள் பாதுகாப்பு ஆணையமான பி.பி.கே. இரண்டின் தலைமையகமும் பானில்தான். பி.பி.கே. குடும்பங்களுக்குத் தரும் அவசரகாலப் பட்டியல் ஒரு டார்ச்சையும் மாற்று பேட்டரியையும் கேட்கிறதே தவிர, தேடுவிளக்கைக் கேட்கவில்லை. ஆனால் 2021 ஜூலை 14 இரவில் அருகிலுள்ள ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் போய், கூரைகளில் ஏறிய மக்கள் இருட்டில் விடிய விடியக் காத்திருந்தார்கள். அந்த இரவை வைத்துப் பார்த்தால் வலுவான விளக்கு ஆடம்பரமல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. கொலோன்/பான் விமான நிலையத்தில் சரக்கு விமானங்கள் இரவெல்லாம் இறங்குகின்றன. விமானியின் கண்ணைக் கூசவைத்து ஆபத்தில் தள்ளுகிறவருக்குக் குற்றவியல் சட்டத்தின் 315ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை சிறை. ஆற்றில் சரக்குப்படகு மாலுமிகள். குன்றுப் பகுதி இயற்கைக் காப்பிடம். டிராகென்ஃபெல்ஸ் கணக்குக்குத்தான் இலக்கு, கைக்கு அல்ல.

என் தீர்ப்பு இது. டபிள்யூ30 ஒளியியலில் எம்எஸ்18ஐ விஞ்சுவது, தேடுகருவியாகத் தோல்வி. ஓரிரு பாகைக் கற்றை நூறு மீட்டரில் இரண்டு மூன்று மீட்டர் வட்டத்தைத்தான் காட்டும். அதைக் கொண்டு வயலில் ஆளைத் தேடுவது சாவித்துவாரம் வழியே திருவிழா பார்ப்பது. எம்எஸ்18 அருகில் பகலையே கொண்டுவரும், ஆனால் நிமிடங்களுக்கு மட்டும். தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட, கவர்ச்சி குறைந்த ரகம்: ஒற்றை எல்.ஈ.டி., ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாத ரிஃப்ளெக்டர், கழற்றக்கூடிய 21700 செல், 2,50,000 கேண்டலாவை ஒட்டிய செறிவு. காகிதத்தில் 1000 மீட்டர், கண்ணுக்கு 500. மையத்தைச் சுற்றிலும் கால் வைக்கப் போதுமான சிதறொளி. பானுக்கு வடக்கே சோலிங்கனில் இருக்கும் லெட்லென்சர் முதல் சீனத் தயாரிப்புகள் வரை யாருடையதாயினும் செல்லைக் கழற்ற முடிகிறதா, பத்தாம் நிமிட ஒளியின் வரைபடத்தை வெளியிட்டிருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வந்தால் வாங்கலாம். எம்எஸ்18இன் மேல்தான் மனம் என்றால், சென்னைக்கு விமானத்தில் எடுத்துச்செல்ல நினைப்பவர்கள் அதன் பேட்டரியையும் பார்த்துக்கொள்வது நல்லது: 4000 மில்லி ஆம்பியர்-மணி செல்கள் எட்டு சேர்ந்தால் 115 வாட்-மணி, 100ஐத் தாண்டினாலே விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.