மலையக மழையும் குறிஞ்சித் திணையும்

இலங்கை மலையகத்து இலக்கியத்தைக் குறிஞ்சி என்று பெயரிட்டு அமைவது திறனாய்வாளர் சிலரிடத்துக் காணப்படும் வழக்கம். மலையுண்டு, அருவியுண்டு, மஞ்சு தவழும் சிகரமுண்டு. வேறென்ன வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். நிலத்தை நோக்கிய அவர் பொழுதை நோக்கினாரல்லர்.

குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது கூதிர். முன்பனியும் அதற்கு உரியது. அஃதாவது ஐப்பசி முதல் தை ஈறாகிய காலம். வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே புகைவண்டிப் பாதையில் அமைந்த றொசல்லயிலோ, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதற் புரட்டாதி வரையுமே மழையும் மூடுபனியும் மிகுவன. அண்டையிலுள்ள வட்டவளை ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறுவது. இலக்கணம் முதுவேனில் என்று குறிக்கும் ஆனியிலும் ஆடியிலும் அங்கு எதிர்மலை கண்ணுக்குப் புலப்படுதல் அரிது. மலைச்சரிவெங்கும் நீர் கசிந்தோடும்.

பருவம் மாறியது சிறிது. மழையில் நனைபவர் யாவர் என்பதே பெரிது. குறிஞ்சிப் பாட்டுக்களில் நள்ளிரவில் மழையும் இருளும் கடந்து வருபவன் தலைவன். தலைவி மனையகத்திருந்து அவன் வழியின் ஏதத்தை எண்ணி அஞ்சுவாள். தோட்டத்திலோ மழையில் நிற்பவள் பெண். கம்பளியைத் தலையிலிட்டு, இடையிற் படங்கு சுற்றி, அட்டைக்கடியைப் பொறுத்துக் கொழுந்தெடுப்பவள் அவளே. நனைந்த கொழுந்தை நிறுக்குங்கால் நீருக்கென்று எடையிற் கழிக்கும் வழக்கமும் உண்டு. கபிலர் கண்ட அருவி எவர் கூலியிலும் கைவைத்ததன்று.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். ஆங்கிலத்தில் அவர் இயற்றி, சக்தி பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய பாட்டு, யாமத்திலன்று, விடியலிற் பறையொலியோடு தொடங்குகின்றது. தேயிலைமேற் பனித்துளி உண்டு. நின்று காண்பதற்குத்தான் பிரட்டுக்குச் செல்வார்க்குப் பொழுதில்லை. விடியல் மருதத்துக்குரியதன்றோ எனின், நிலம் மயங்காது, பொழுது மயங்கலாம் என்று உரையாசிரியர் வழிநின்று அமைதி கூறலாம். அவ்வமைதி இங்குப் போதாது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல், மருதத்தினது ஊடல். சி. வி. பாடியதோ தேயிலைக்கு உரமாகி, புதைந்த இடத்தில் ஓர் அடையாளமும் பெறாத மக்களை. அதற்கு அகத்திணையுள் இடம் தேடுதலினும் புறத்திணையின் கையறுநிலையோடு ஒப்பிடுதல் பொருந்தும். ஆயின், கையறுநிலை பெரும்பாலும் பெயர்பெற்ற மன்னர்க்கும் வள்ளல்கட்கும் பாடப்பட்டது. இங்குப் பாடப்பெறுவோர்க்குப் பெயரில்லை.